கூரையில்லாக் காரும் குறுக்குச் சட்டமும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரங்களுக்கு நடுவே ஓடும் செம்மண் பாதையை நாம் அறிவோம். மழை விட்ட மறுநாள் அந்தப் பாதையில் ஒரு கார் வருகிறது. முன்பக்கத்து இடச் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. அதே வேளையில் பின்பக்கத்து இடச் சக்கரம் மேட்டில் ஏறுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது நம் இரு கைகளும் எதிரெதிராகத் திரும்புகின்றன அல்லவா? காரின் உடலும் அப்படித்தான் முறுக்கப்படுகிறது.

வீட்டில் ஒரு தீப்பெட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டியை முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. உள்தட்டை மட்டும் உருவி முறுக்குங்கள், உடனே நெளியும். மேல்மூடி உள்ள காருக்கும் கூரையைக் கழற்றிய காருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நெளியும் தட்டின் திறந்த வாயில் மூலைக்கு மூலை இரண்டு ஈர்க்குகளைப் பெருக்கல் குறிபோல் ஒட்டினால் அது மறுபடியும் விறைத்துக்கொள்ளும். ஆனால் காரில் அப்படி மேலே கட்டிவிட்டால் நாம் உட்காருவது எங்கே? ஆகவே வலுவைக் கீழே தேட வேண்டியதாயிற்று.

ஆரம்ப காலக் கார்களில் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. ஏணியைப் போன்ற இரும்பு அடிச்சட்டம், அதாவது பட்டறைக்காரர்கள் சொல்லும் ‘சேசி’, பாரம் முழுவதையும் தாங்கியது. உடல் அதன்மேல் ஏற்றிவைத்த பெட்டி. கூரை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஏணிச் சட்டமும் முறுக்குக்கு இடம் கொடுக்கும். அதனால் 1930-களில் பல கார்களின் சட்டத்துக்கு நடுவே பெருக்கல் குறி வடிவில் குறுக்குச் சட்டம் வந்தது. ஈர்க்கு வேலைதான், இரும்பில்!

இதற்கிடையே இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-இல் ‘லாம்டா’ என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. அதற்குத் தனி அடிச்சட்டமே கிடையாது. கப்பலைப் போல உடலே பாரத்தைத் தாங்கியது. அது திறந்த கார் என்பதுதான் வியப்பு. பக்கச் சுவர்களை உயரமாக வைத்தே வலுவைச் சம்பாதித்தார்கள்.

நம் நாட்டுச் சாலைகளில் நிறைய ஓடிய மோரிஸ் மைனரும் உடலே பாரம் தாங்கும் வகைதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948-இல் வெளிவந்தது. அகலம் போதவில்லை என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தாராம். அதன் திறந்த வகைக்குக் கூரை போனதற்கு ஈடாகக் கதவுத் தூண்களின் அடியிலும் முன்பலகையின் கீழும் கூடுதல் தகடுகள் வைத்தார்கள். பொதுவாகத் திறந்த கார், மூடிய காரைவிடக் கனமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கூரையை எடுத்தால் எடை குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டறையில் அது நடப்பதில்லை.

1959-இல் வந்த டிரயம்ப் ஹெரால்டு மட்டும் பழைய வழியில் தனி அடிச்சட்டத்தோடு வந்தது. கூரையைப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். எனவே திறந்த வகை செய்வது எளிதாயிற்று. இந்தக் காரைத்தான் 1961 முதல் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் கட்டினார்கள்.

இனி, நம்மவர்கள் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் வாசற்படிச் சட்டம்தான் கூரையில்லாக் காரின் முதுகெலும்பு. நம் ஈரக் காற்றில் அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியில் சாயம் பளபளக்கும். முதுகெலும்பு அரித்துப்போன காரில் பிள்ளைகுட்டிகளோடு புக்கிட் புத்துஸ் வளைவுகளில் இறங்கினால், முன்பலகை நடுங்கும், கதவு தானாகவே கிறீச்சிடும். அதைப் பாதையின் குற்றம் என்றுதான் பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

பழுது பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. அரித்த சட்டத்தை அப்படியே வெட்டி எறிந்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதன்பின் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் தொய்வும் சேர்ந்தே நிலைத்துப்போகும். கதவு என்றைக்கும் பொருந்தாது. தேர்ந்த கைகள் முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தித் தாங்கு கொடுக்கும். கதவின் வாயில் தற்காலிகக் குழாய்ச் சட்டம் ஒன்றைப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடும். கூடுதல் சட்டம் போடுவதானால் திறந்த வாய் கொண்ட இரும்பைவிட மூடிய குழாயே முறுக்கைப் பன்மடங்கு தாங்கும். அதையும் துருப்பிடிக்காத நல்ல தகட்டோடு இணைக்க வேண்டும். அரித்த தகட்டில் எதை ஒட்டினாலும் பிய்த்துக்கொண்டு வரும்.

பழைய திறந்த கார் ஒன்று விலைக்கு வந்தால், கைதேர்ந்த பட்டறைக்காரர் இயந்திரத்தைப் பிறகுதான் பார்ப்பார். ஒரு மூலைச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, கதவைத் திறந்து மூடுவார். கதவு பிடித்துக்கொண்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.