துப்புக்கூலியிலிருந்து ஜிபிஎஸ் வரை

திருத்தணி மலைமேல் புது காருக்குப் பூஜை: சந்தனம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். திருஷ்டி கழிந்தது, திருட்டுக்கு?

காருக்கு முன் களவு போனது மாடு. 19-ஆம் நூற்றாண்டில் மதுரை, நெல்லைச் சீமைகளில் காவல்காரர் குளம்படித் தடத்தைப் பிடித்துக்கொண்டே போவார். மாடு கிடைக்காவிட்டால் அவரே ஈடுகட்டுவது வழக்கம். அதற்காகத்தான் ஊர் அவருக்கு நெல் அளந்தது. இன்னொரு வழி துப்புக்கூலி. தரகரிடம் பணத்தைக் கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். திருடனுக்கும் பங்கு உண்டு என்பது ஊரறிந்த ரகசியம்.

1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தடம் பிடிக்கும் வேலையை ‘லோஜாக்’ என்ற ரேடியோ கருவி ஏற்றது. காருக்குள் ஒளித்த கருவியின் சிக்னலைப் போலீஸ் வண்டி பின்தொடரும். இந்தியாவில் 2019 ஜனவரி 1 முதல் புதிய பேருந்து, டாக்சிகளுக்கு இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி கட்டாயம். சொந்தக் காருக்கு அவரவர் விருப்பம்.

திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல். களவு போன கார் அன்று விழுந்த எல்லைக்கோட்டைத் தாண்டி ஆந்திராவின் நகரிப் பக்கம் போய்விட்டால் வேறு மாநிலம், வேறு போலீஸ். இந்த ஊர்க்காரருக்குக் கருவி வீண்செலவல்ல. கருவிக்குள் இருக்கும் சிம்மின் சந்தாவை மட்டும் ஆண்டுதோறும் மறக்காமல் கட்டுங்கள்.