ஆறு புள்ளித் தமிழ் பிறந்த கதை

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர்களை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஊருக்குப் பழகிவிட்டது. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. டேராடூனில் தலைமையகம் உள்ள, பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், தமிழ்ப் பாடநூல்களைப் பிரெய்லில் அச்சடிக்கும் அச்சகமும் இதே ஊரில்தான். ஆனால் அந்தப் புள்ளித் தமிழ் பிறந்தது இங்கேயல்ல. அதன் வேரைத் தேடிப் போனால் பைபிளில் வரும் ஒரு கேள்வியில் போய் முட்டும்.

யோவான் சுவிசேஷம், ஒன்பதாம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்துச் சீடர்கள் கேட்கிறார்கள்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? நம் ஊரில் ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறோமே, ஏறக்குறைய அதேதான். இருவருமே இல்லை என்கிறார் இயேசு. கடவுளின் செயல் இவனிடம் வெளிப்பட வேண்டும் என்கிறார். யாத்திராகமத்தில் இன்னும் ஒரு படி மேலே. பேச வராது என்று தயங்கும் மோசேயிடம், பார்வையுள்ளவனையும் பார்வையற்றவனையும் உண்டாக்கியது நானல்லவா என்கிற பொருளில் கடவுளே கேட்கிறார். ஒவ்வொரு மனிதரும் தாயின் கருவிலேயே கடவுளால் உருவாக்கப்பட்டவர், காரணத்தோடு படைக்கப்பட்டவர் என்ற கிறிஸ்தவ விசுவாசம் இத்தகைய பகுதிகளில் ஊன்றி நிற்கிறது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. ‘உன் குறைக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது’ என்று நல்ல பார்வையுள்ளவர் சொல்வது எளிது. கேட்பவருக்கு எரிச்சல் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பாவக் கணக்கை மூடிவிட்டால் அடுத்த வேலை தானாக வந்து நிற்கும். தண்டனை அனுபவிப்பவருக்குப் பிச்சை போட்டால் போதும். காரணத்தோடு படைக்கப்பட்டவருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். அதிலும் புராட்டஸ்டன்ட் மிஷனரிகளுக்கு, வேதத்தை அடுத்தவர் வாசித்துக் கேட்பது பாதிக் கிணறுதான். அவரவரே வாசிக்க வேண்டும்.

வாசிக்கும் வழி பாரிசில் தயாராக இருந்தது. 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல், குதிரைச் சேணம் தைக்கும் தகப்பனாரின் பட்டறையில் ஊசி குத்திச் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். மேடான புள்ளிகளைத் தடவி வாசிக்கும், ராணுவத்துக்காரர் சார்ல் பார்பியேயின் பன்னிரண்டு புள்ளி முறை ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் அதை ஆறாகக் குறைத்தபோது அவருக்கு வயது 15. மேலிருந்து கீழாக மூன்று, பக்கத்தில் மூன்று. 1829-ல் அது நூலாக வந்தது.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887-ல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் தொடங்கினார். 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் இன்னொன்றைத் தொடங்கினார். இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். தெற்கே தமிழுக்கென்று ஒரு பிரெய்ல் முறை புழக்கத்துக்கு வந்தது. மைசூருக்கு வேறு, வடக்கே வேறு வேறு. இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு பிரெய்ல் என்று பல முறைகள் மோதிக்கொண்டன. ஒரு பள்ளியில் கற்றவருக்கு இன்னொரு பள்ளியின் புத்தகம் வெறும் மேடு பள்ளம். நல்லெண்ணம் ஏராளம், ஒருங்கிணைப்புதான் இல்லை. அந்தக் குழப்பத்தை இறைநம்பிக்கை தீர்க்கவில்லை. அரசாங்கமும் யுனெஸ்கோவும் உட்கார்ந்து பேசித்தான் தீர்த்தன. நியூசிலாந்தைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான கிளூதா மெக்கன்சி அந்தப் பேச்சில் முக்கியமானவர். 1951-ல் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. பாரதியார் பெயரல்ல, பாரதத்துக்குப் பொது என்பதால் வந்த பெயர்.

அதன் அடிப்படை, ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிக்கூட்டம். நம் ‘ம’வும் இந்தி ‘ம’வும் ஆங்கில எம்மும் விரலுக்கு ஒன்றுதான். தமிழ் எழுத்துகள் இதில் ஒரே வரிசையில் நீள்கின்றன. அச்சில் ‘கொ’ எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் வேண்டும். பிரெய்லில் ‘க’ வைத்து அடுத்த கட்டத்தில் ‘ஒ’ வைத்தால் முடிந்தது. மெய்யின் புள்ளி மட்டும் தலைக்கு மேல் ஏறாமல் எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். ‘அம்மா’வுக்கு ஐந்து கட்டங்கள்: அ, புள்ளி, ம, மறுபடி ம, பிறகு ஆ. கையால் எழுதும்போது தடித்த தாளைச் சட்டத்தில் மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாகி, இடமிருந்து வலமாக வாசிக்க வரும். புதிதாகக் கற்பவருக்கு ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப் போட்டு நினைவில் வைப்பதுதான் பாடு.

இன்று பூந்தமல்லியில் இந்தப் புள்ளிகளைத் தடவிப் படிக்கும் பிள்ளைகளில் எல்லா மதத்தவரும் உண்டு. மிஷனரிகள் வேதம் வாசிக்கக் கொண்டுவந்த ஆறு புள்ளிகளில் திருக்குறளும் கணக்கும் ஓடுகின்றன. ஒன்று மட்டும் உறுத்துகிறது. வருடம் முழுக்க பிரெய்லில் படித்த பிள்ளை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விடையைச் சொல்லச் சொல்ல எழுத இன்னொருவர் உட்கார்கிறார். கூடுதல் நேரமும் கொடுக்கிறார்கள், சரி. ஆனால் அவரவரே வாசித்து அவரவரே எழுத வேண்டும் என்று 1890-ல் தொடங்கிய காரியத்தில், எழுதுகிற பாதி இன்னும் அடுத்தவர் கையில்தான் இருக்கிறது.