வெப்பத்துக்கு எண் கிடைத்த வரலாறு

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வெப்பமானியை வைத்துப் பார்த்து, நூற்றிரண்டு டிகிரி என்று கலங்குகிறோம். அதே நாளில் வானொலி, வெளியே 41 டிகிரி வெயில் என்று அறிவிக்கின்றது. அப்படியாயின் கோடை வெயிலினும் குழந்தையின் உடல் இருமடங்குக்கு மேல் சூடானதா? அன்று. முன்னது பாரன்ஹீட் கணக்கு. பின்னது செல்சியஸ் கணக்கு. ஒரே வீட்டில் இவ்விரு கணக்குகளும் குடியேறியது எவ்வாறு?

தொட்டுப் பார்த்துச் சூடறிவதே பண்டை வழக்கம். ஆயினும் கையை முழுதும் நம்புவதற்கில்லை. ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் சற்றுநேரம் வைத்திருந்து, பின் இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் இடுக. ஒரு கை குளிர் என்னும், மற்றது சூடு என்னும். கலீலியோவின் காலத்து இத்தாலியில், சூட்டால் காற்று விரிவதைக் காட்டும் கண்ணாடிக் குழாய்கள் தோன்றின. அவை ஏற்ற இறக்கத்தைக் காட்டினவேயன்றி, எல்லோரும் ஒப்பும் எண்ணைத் தரவில்லை.

அந்த எண்ணுக்கு வழி செய்தவர்களுள் முதன்மையானவர், டான்சிக் நகரில் 1686-இல் பிறந்த பாரன்ஹீட். பாதரச வெப்பமானியைச் செம்மையாக அமைத்த அவர், 1724-இல் தம் அளவுகோலை வெளியிட்டார். பனிக்கட்டியும் நவச்சாரமும் நீரும் கலந்த கலவையின் குளிர்ச்சிக்குச் சுழி. உருகும் பனிக்கட்டிக்கு 32. மனித உடலுக்கு 96. பிற்காலத்தில் நீர் கொதிக்கும் நிலை 212 என்று நிலைநிறுத்தப்பட்டபோது, உடலின் எண்ணும் சற்றே உயர்ந்தது.

சுவீடன் நாட்டு வானியலாளர் செல்சியஸ், 1742-இல் நூறு பிரிவுகள் கொண்ட அளவுகோலை முன்வைத்தார். வியப்பு என்னவெனில், அவர் கொதிநிலைக்குச் சுழியையும் உறைநிலைக்கு நூறையும் வைத்தார்! 1744-இல் அவர் மறைந்த பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டு, இன்றைய வடிவம் பெற்றது.

98.6 என்னும் எண்ணின் கதை நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு பாடம். ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக், பல்லாயிரம் நோயாளரை ஆராய்ந்து, 1868-இல் உடலின் இயல்பு வெப்பநிலை 37 செல்சியஸ் என எழுதினார். அது ஒரு சராசரி. முழு எண்ணாகச் சொல்லப்பட்டது. அதனைப் பாரன்ஹீட்டுக்குப் பெயர்த்தபோது 98.6 ஆயிற்று. மூலத்தில் இல்லாத தசமப் புள்ளி, மூலத்தில் இல்லாத துல்லியத்தையும் உடன் கொணர்ந்தது. உண்மையில் உடல் வெப்பம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே உடலில் காலைக்கும் மாலைக்கும்கூட மாறும்.

பாரதத்தில் 1956-இல் இயற்றப்பட்ட எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி வகுத்தது. வானிலை அறிக்கை செல்சியஸைத் தழுவியது. காய்ச்சல் மட்டும் பல வீடுகளில் பாரன்ஹீட்டிலேயே நின்றுவிட்டது. இந்த இரட்டை வழக்கில் நாமும் ஒருமுறை இடறினோம். வழக்கத்தினும் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் மிகும் என்ற எச்சரிக்கையை, முதியோர்க்கு விளங்கட்டும் என்று பாரன்ஹீட்டில் பெயர்த்து, 41 டிகிரி மிகும் என எழுதிவிட்டோம். அச்சுக்குப் போகுமுன் மூத்தவர் ஒருவர் திருத்தினார். வெப்பநிலையைப் பெயர்க்கும்போதுதான் 32 கூட்ட வேண்டும். வேறுபாட்டைப் பெயர்க்கும்போது கூட்டலாகாது. சரியான விடை 9.

கருவியும் இடறுவதுண்டு. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூரில் தானியங்கிக் கருவி 52.9 செல்சியஸ் காட்டியது. நாடு திடுக்கிட்டது. தரமான கருவியோடு ஒப்பிட்டபோது, அது 3 டிகிரி மிகுத்துக் காட்டியமை புலனாயிற்று. 2016-இல் இராஜஸ்தானத்துப் பலோடியில் பதிவான 51 டிகிரியே நாட்டின் உச்சமாக நின்றது.

ஆகவே, நேயர்களே, எண்ணைக் கேட்டவுடன் மூன்றை வினவுவோம்: எந்த அளவுகோல்? எந்தக் கருவி? நிலையா, வேறுபாடா? வெயிலில் உழைப்போரின் உயிரும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நலனும் அவ்விடைகளைப் பொறுத்தவை.