நம்பிக்கைக்கு எது சான்று? திருச்சி, ஸ்ரீரங்கம் துப்புரவு அனுபவத்தை முன்வைத்து

1. சிக்கல்

வறுமை, நோய், நீர்ப்பற்றாக்குறை, சாதி இழிவு போன்ற பெரிய சிக்கல்கள் தீரும் என்று எழுதுவோர் பொதுவாக இரண்டு வகைச் சான்றுகளைக் காட்டுகிறார்கள். ஒன்று நெடுங்காலப் புள்ளிவிவரம், மற்றது முன்மாதிரி.

புள்ளிவிவரத்தின் பலத்தை மறுக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 1992-93 சுற்றின்படி தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 68 பேர் ஒரு வயதைக் காணவில்லை. 2019-21 சுற்றில் அந்த எண் 19 அளவுக்கு இறங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் வீடுகளில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் கழிப்பறை இருந்தது. ஊரகத்தில் 100க்கு 23 வீடுகளில் மட்டுமே. அடுத்த பத்தாண்டில் இந்த நிலை பெரிதும் மாறியது. உலக அளவில் இத்தகைய வரைபடங்களைக் கொண்டே பொதுச் சுகாதார அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங் பொதுமக்களின் அவநம்பிக்கையைத் திருத்த முயன்றார்.

ஆனால், வரைபடக் கோடு இதுவரை நடந்ததைச் சொல்கிறது. அதை யார் நடத்தினார்கள், இனியும் நடத்துவார்களா என்பதைச் சொல்வதில்லை. முன்மாதிரியின் குறை வேறு. ஓர் ஊரில் ஒன்று சாத்தியம் என்று அது காட்டும். திறப்பு விழா முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் அங்கே என்ன நடக்கிறது என்ற கேள்வியை அது தொடுவதில்லை.

இவ்விரண்டையும்விட உறுதியான சான்று மூன்றாவது ஒன்று உண்டு. கெட்டுப்போவதை உடனே கண்டு சரிசெய்யும் ஏற்பாடு ஒரு சமூகத்தில் இருக்கிறதா என்பதே அது. அந்த ஏற்பாடு இருந்தால் தோல்விகளுக்கு இடையிலும் நம்பிக்கை நியாயமானது. இல்லாவிட்டால் வெற்றிகளுக்கு நடுவிலும் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. இக்கருத்தைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் துப்புரவு அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. கல்மந்தை: வாசலில் ஒரு கணக்கு நோட்டு

திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்கள் 2000க்கு முன்பே இருந்தன. கட்டடம் இருந்தும் பயன்பாடு இல்லாததே அங்கிருந்த சிக்கல். தண்ணீர் வராது, விளக்கு எரியாது, அடைப்பு எடுக்க ஆள் வராது. சில வாரங்களில் அந்தப் பக்கமே யாரும் போகமாட்டார்கள். பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து திறந்தவெளியைத் தேடினார்கள். இந்தியாவின் கழிப்பறைத் திட்டங்கள் பலவும் சந்தித்த நிலைதான் இது: கட்டுவதற்கு நிதி ஒதுக்கப்பட்டது, கழுவுவதற்கு ஒதுக்கப்படவில்லை.

1987இல் திருச்சியில் எஸ். தாமோதரன் தொடங்கிய கிராமாலயா நிறுவனம், வாட்டர்எய்டு அமைப்பின் உதவியோடும் மாநகராட்சியின் ஒப்புதலோடும் இக்கழிப்பிடங்களை அந்தந்தப் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விடும் முறையைக் கொண்டுவந்தது. நடைமுறை மிக எளியது. குழுவின் பெண்கள் முறைவைத்து வாசலில் அமர்ந்தார்கள். வருபவர் அப்போது ஐம்பது காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குக் கட்டணம் இருக்கவில்லை. அன்றாட வசூல் நோட்டில் ஏறியது, பிறகு வங்கிக்குப் போனது. மின்கட்டணம், மோட்டார் பழுது, பினாயில், துப்புரவு செய்பவரின் கூலி எல்லாம் அதிலிருந்தே. மிச்சம் இருந்தால் பகுதியின் பிற தேவைகளுக்குப் பயன்பட்டது. குழுக்களை இணைத்து ஒரு கூட்டமைப்பும் உருவானது. ஒரு குழுவின் கணக்கை மற்றவர்கள் பார்க்க அது வழிசெய்தது. 2002இல் இப்பகுதிகளில் ஒன்றான கல்மந்தை, திறந்தவெளி மலங்கழித்தல் முற்றிலும் ஒழிந்த நாட்டின் முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொட்டியம் ஒன்றியத்தின் தாண்டவம்பட்டி, கிராமங்களில் அதே இடத்தைப் பெற்றது.

'முதல்' என்ற பட்டத்தைவிட அந்த டோக்கன் முறையே ஆய்வுக்கு உரியது. ஐம்பது காசு கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. வாசலில் இருப்பவர் அதே தெருக்காரர். தண்ணீர் நின்றால் அவருக்கும்தான் நிற்கும். பழுது தெரியவரும் நேரம் மாதங்களிலிருந்து மணி நேரங்களாகச் சுருங்குகிறது. அதைச் சரிசெய்யும் பணம் மேலிடத்துக் கோப்பில் இல்லாமல் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்கெனத் தனியே அமைந்த கழிப்பிடமும் இப்படி அருகிலிருந்து பார்த்ததன் விளைவே. இருட்டு அறைக்கும் பெரிய பீங்கானுக்கும் குழந்தைகள் பயப்படுவதை அங்கேயே உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அறிந்திருந்தார்கள். கதவில்லாத, வெளிச்சமான, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியுள்ள சிறிய அமைப்புகள் அதனால் வந்தன.

3. முசிறி: ஆற்றங்கரைக்கு ஏற்ற விடை

காவிரிக்கரை ஊரான முசிறியின் சிக்கல் வேறு. அங்கே நிலத்தடி நீர் மட்டம் மேலே இருக்கும். குழி தோண்டிய கழிப்பறையில் மழைக்காலத்தில் நீர் ஏறும். கழிவு கிணற்று நீரில் கலக்கும். நாட்டின் பிற பகுதிகளுக்குப் பொருந்திய குழிக் கழிப்பறை இங்கே நோயைப் பரப்பும் வாயிலாகிவிடும்.

மாராச்சி சுப்புராமனின் ஸ்கோப் நிறுவனம் இதற்குச் சூழல்சார் கழிப்பறையைப் பரப்பியது. மலம், சிறுநீர், கழுவிய நீர் மூன்றும் தனித்தனியே பிரியும். தரைக்கு மேல் கட்டிய இரு அறைகளில் ஒன்றில் மலம் சேர, ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவுவார்கள். அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்கு மாறுவார்கள். பல மாதங்கள் உலர்ந்தபின் மூடிய அறையிலிருந்து எருவை எடுக்கலாம். 2006இல் முசிறியில் இந்த முறையில் திறக்கப்பட்ட பொதுக் கழிப்பிடம், பயன்படுத்துபவருக்கே சிறு தொகை கொடுத்தது. சிறுநீரும் எருவும் வயலுக்கு உதவுமென்றால் அவற்றைத் தருபவருக்கு விலை கொடுப்பதே முறை என்பது அதன் வாதம். சேகரித்த சிறுநீரை வாழை முதலிய பயிர்களுக்கு இடும் சோதனைகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஈடுபட்டது.

கல்மந்தையில் பயன்படுத்துபவர் காசு கொடுத்தார், முசிறியில் வாங்கினார். விதிகள் நேரெதிரானவை என்றாலும் இரண்டிலும் கழிப்பிடம் கெட்டுப்போனால் நட்டப்படும் ஒருவர் அதன் அருகிலேயே இருந்தார். எந்தத் தொழில்நுட்பம் என்பதை நிலத்தடி நீர் தீர்மானித்தது. அது நீடிக்குமா என்பதை இந்த அருகாமை தீர்மானித்தது. சுப்புராமனுக்கு 2021இலும் தாமோதரனுக்கு 2022இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது தனிமனிதருக்குப் போய்ச் சேர்ந்தாலும், நம்பிக்கைக்கான சான்றை அவர்கள் விட்டுச்செல்லும் விதிகளில்தான் தேட வேண்டும்.

4. தரவரிசை எதைச் சொல்கிறது?

இனி எதிர்ச்சான்று. தேசியத் தூய்மைத் தரவரிசையில் திருச்சி 2015இல் மைசூருவுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் இருந்தது. 2016இல் 3ஆம் இடம், 2017இல் 6ஆம் இடம், 2020இல் நூறுக்கும் கீழே. ஒரு முன்மாதிரி நகரம் ஐந்தே ஆண்டுகளில் சரிந்துவிட்டது என்று இதைப் படிப்பவர் உண்டு.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2016இல் மதிப்பிடப்பட்டவை 73 நகரங்கள், 2017இல் 434. முன்னதில் பெற்ற 3ஆம் இடத்தைவிடப் பின்னதில் பெற்ற 6ஆம் இடம் தாழ்ந்ததென்று சொல்ல வழியில்லை. பின்னர் வந்த சரிவிலும் தெருக்கள் அழுக்கானதன் பங்கு எவ்வளவு, பிற நகரங்கள் முந்தியதன் பங்கு எவ்வளவு, மதிப்பீட்டு விதிகள் மாறியதன் பங்கு எவ்வளவு என்பதை வரிசை எண் பிரித்துக் காட்டுவதில்லை.

அதே அளவுகோலை முன்னைய வெற்றிக்கும் வைக்க வேண்டும். நகரம் நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்தபோதும் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு அங்கேதான் இருந்தது. பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை அவ்வப்போது தீப்பிடிக்க, சுற்றுவட்டார மக்கள் புகையைச் சுவாசித்தார்கள். பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பணியும், வார்டு அளவில் மட்கும் குப்பையை உரமாக்கும் நுண் உரமாக்கல் மையங்களும் வந்தது தரவரிசை இறங்கிய காலத்தில். இடம் உயர்ந்தபோது மறைந்திருந்த பழுது, இடம் தாழ்ந்தபோது கைவைக்கப்பட்டது. ஆகவே தரவரிசையின் உயர்வை நம்பிக்கைக்கோ சரிவை அவநம்பிக்கைக்கோ சான்றாக்குவது பிழை.

5. கோபுரமும் வடிகாலும்

கட்டுவதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்ரீரங்கத்திலும் காணலாம். அங்கே நம்பிக்கையின் அடையாளமாக எவரும் காட்டுவது அரங்கநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம். விஜயநகரக் காலத்தில் அடித்தளத்தோடு நின்று, நானூறு ஆண்டுகள் 'மொட்டைக் கோபுர'மாக இருந்தது. 1979இல் பணி தொடங்கி, அகோபில மடத்தின் 44ஆம் ஜீயரின் முயற்சியில் 1987 மார்ச்சில் 236 அடிக் கோபுரமாக நிறைவுற்றது. தலைமுறைகள் கைவிட்டதை எட்டு ஆண்டுகளில் முடிக்க முடிந்ததென்பது பெருமைக்குரியதே. ஆயினும் கோபுரம் ஒருமுறை முடித்தால் முடிந்தது. சமூகச் சிக்கல்களில் ஒருமுறை முடிந்துவிடுபவை மிகக் குறைவு.

அதே கோயிலில் கவனம் பெறாத வேறொரு பணி நடந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், 156 ஏக்கர் வளாகத்தில், மழைநீர் தேங்காமல் வெளியேறவும் சேமிக்கப்படவும் முன்னோர் அமைத்த வடிகால்கள் பிற்காலக் கட்டுமானங்களால் அடைபட்டிருந்தன. 2015 குடமுழுக்கை ஒட்டிய திருப்பணியில் அவை மீட்கப்பட்டன. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது இத்திருப்பணிக்குக் கிடைத்தபோது, பழைய நீர் வடிகால் முறையைப் புதுப்பித்ததும் பாராட்டில் இடம்பெற்றது. வடிகாலைக் கட்டியவர் திறமையும் அதைத் தூர்வாரியவர் திறமையும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை.

பழுதை முன்கூட்டியே காணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முக்கொம்பு சாட்சி. கொள்ளிடத்துக்கே நீர் போய்விடாமல் காவிரிக்குத் திருப்ப ஆர்தர் காட்டன் 1836இல் அங்கே கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. ஆற்றுமணல் அள்ளியது ஒரு காரணமென்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். மணல் மூட்டைகளைக் கொண்டு உடைப்பை அடைத்து, பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. சமூகத்திடம் சரிசெய்யும் ஆற்றல் இருந்தது. முன்கூட்டியே கண்டறியும் ஆற்றல் இல்லை. பல நூறு கோடி ரூபாய் செலவு இந்த இடைவெளியின் விலை.

6. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: மாநகராட்சி செய்ய வேண்டியதை ஏழைப் பெண்களின் தலையில் கட்டியதை நம்பிக்கை என்பதா? வசதியான தெருவில் வரியோடு கழிவு போய்விடுகிறது; கல்மந்தையில் மட்டும் முறைவைத்து வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த மறுப்பில் நியாயம் உண்டு. உரிமை வேறு, ஊழியம் வேறு. கண்காணிப்பும் கணக்கும் மக்களிடம் இருக்கட்டும். குழாய், மின்சாரம், கழிவு வெளியேற்றம் ஆகியவை அரசின் கடமையாகவே இருக்க வேண்டும். பின்னதை அரசு கைவிட்டால் முன்னதும் சோர்ந்துவிடும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கடுமையானது. கழிப்பறை பெருகப் பெருக செப்டிக் டேங்குகளும் பெருகின. அவற்றில் இறங்கியவர்கள் யார், எந்தச் சாதியினர் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி டேங்கில் ஆளை இறக்குவதையும் தடைசெய்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. ஒரு சாராரின் தூய்மை மற்றொரு சாராரின் மூச்சில் நடக்குமானால், எந்த வரைபடமும் அதை முன்னேற்றம் ஆக்காது.

இங்கும் சிறு அசைவு உண்டு. தமிழ்நாடு 2014இல் கழிவுக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டத்துக்குத் திருச்சி ஒரு களமானது. டேங்கிலிருந்து லாரி உறிஞ்சும் கசடு கண்ட ஓடையில் கொட்டப்படாமல், உரிய இடத்தில் இறக்கப்பட்டுப் பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்தை அடையும் ஏற்பாடு விரிவானது. கழிப்பறை என்ற ஒற்றைக் கட்டடத்திலிருந்து கழிவு போய்ச் சேரும் முழுப் பாதைக்குப் பார்வை நகர்ந்தது. முன்பு எவர் பொறுப்பிலும் இல்லாத கண்ணிக்கு இப்போது ஒரு பொறுப்பாளர் உண்டு. மனிதர் இறங்காமலே அந்தக் கண்ணி இயங்கும் நாள்வரை இந்த நம்பிக்கை அரைகுறைதான்.

7. முடிபு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கேள்விகளை வகுக்கலாம். பழுதை முதலில் காண்பவர் யார், அதனால் அவருக்கு நட்டம் உண்டா? அவர் கையில் சரிசெய்யும் பணமும் அதிகாரமும் உள்ளனவா? சரிசெய்வதன் சுமை எவர் உடல்மீது விழுகிறது? கல்மந்தை முதல் இரண்டுக்கும் நல்ல விடை தந்தது, மூன்றாவதில் தடுமாறியது. முக்கொம்பு முதல் கேள்வியிலேயே தோற்றது. செப்டிக் டேங்க் மூன்றாவதில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கை என்பது மனநிலை என்ற அளவில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். ஆய்வுக்குரிய நம்பிக்கைக்கு இந்த மூன்று கேள்விகளிலும் தேர்வு உண்டு. ஆண்டுதோறும் எத்தனை கழிப்பறை கட்டினோம் என்று கணக்குக் காட்டும் உள்ளாட்சிகள், கட்டி ஐந்து ஆண்டுகள் ஆனவற்றில் எத்தனை இன்றும் தண்ணீரோடும் விளக்கோடும் இயங்குகின்றன, எத்தனை டேங்குகள் ஆள் இறங்காமல் சுத்தமாயின என்ற இரண்டு எண்களையும் வெளியிட வேண்டும். அவ்வெண்கள் முதல் ஆண்டில் தலைகுனிய வைக்கலாம். அப்படியும் வெளியிடத் துணிந்த நகரத்தின் எதிர்காலத்தை, தரவரிசையில் முதலிடம் பெற்ற நகரத்தின் எதிர்காலத்தைவிட நம்பலாம்.