கேசட் வந்த வழி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஜப்பானிய வீடியோ கேம்கள்

முன்னுரை

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ‘பேமிலி கம்ப்யூட்டர்’ என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை 14,800 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மசாயுகி உவேமுரா வடிவமைத்த இக்கருவியைச் சுருக்கமாகப் ‘பேமிகாம்’ என்பர். 1990களில் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சிறுவராக இருந்த பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கென எழுதப்பட்ட மரியோவையும் கான்ட்ராவையும் ‘டேங்க் கேமை’யும் கை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். கருவி அறிமுகமாகாத ஊரில் அதன் விளையாட்டுகள் வேரூன்றியது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வட்டாரத்தின் வீடியோ கேம் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று, ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கப்படும் குளோன் கருவிகளும் கேசட்டுகளுமே என்பது இதன் துணிபு.

மூலக் கருவி ஏன் இங்கே இயங்காது

ஜப்பானில் வாங்கிய பேமிகாமைத் திண்டிவனத்து வீடொன்றில் மாட்டியிருந்தால் மூன்று தடைகள் குறுக்கே நின்றிருக்கும். அதன் அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். அது தரும் படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் என்.டி.எஸ்.சி. முறையிலானது, இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் பால் முறையைக் கொண்டது. மூன்றாவது தடை அலைவரிசை. பேமிகாம் ஜப்பானின் 1, 2ஆம் சானல்களில், அதாவது 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், படத்தை அனுப்பும். இந்திய டிவிகளின் கீழ் அலைவரிசை 68 மெகாஹெர்ட்ஸோடு முடிந்து, மேல் அலைவரிசை 174இல்தான் தொடங்கும். இடைப்பட்ட அந்த சானலை டயனோரா, சாலிடேர் போன்ற டிவிகளில் எவ்வளவு திருகினாலும் பிடிக்க முடியாது.

சட்டமும் வழிவிடவில்லை. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001இல்தான் முழுமையாக நீங்கின. 1991இல் 150 விழுக்காடாக இருந்த உச்ச சுங்கவரி 1995இல் 50 விழுக்காடாகக் குறைந்த பிறகும் இத்தகைய பொருள்கள் எட்டாத விலையிலேயே இருந்தன. அதே 1995இல் சேகா நிறுவனம் ஷா வாலஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ‘மெகா டிரைவ்’ கருவியை இந்தியாவில் விற்றது. உயர்ந்த இறக்குமதி வரியிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு அது. அப்படியும் அதன் விலை 18,000 ரூபாய். சிறுநகரத்து நடுத்தரக் குடும்பம் டிவி வாங்கவே தவணை கட்டிய காலத்தில் இவ்விலை நினைத்துப் பார்க்கக் கூடியதாக இல்லை.

தைவான் சிப்பும் பர்மா பஜாரும்

இத்தடைகளைக் கடந்தவை தைவான் தொழிற்சாலைகள். அமெரிக்காவுக்கென 1985இல் நிண்டெண்டோ அனுப்பிய கருவியில், உரிமம் பெறாத கேசட்டை ஏற்க மறுக்கும் பூட்டுச் சிப் இருந்தது. கேசட்டுக்கு 72 முனைகள். ஜப்பானியப் பேமிகாமிலோ 60 முனைதான், பூட்டும் இல்லை. ஆகவே குளோன் தயாரித்தவர்கள் ஜப்பானிய வடிவத்தையே பின்பற்றினார்கள். தைவானின் யு.எம்.சி. நிறுவனம் மையச் செயலிக்கும் படச் செயலிக்கும் மாற்றாக யுஏ6527பி, யுஏ6538 என்ற சிப்களைப் பால் முறைக்கேற்பத் தயாரித்தது. டி.எக்ஸ்.சி. நிறுவனத்தின் ‘மைக்ரோ ஜீனியஸ்’ இவ்வகைக் கருவிகளில் பெயர்பெற்றது. இந்தியாவில் ‘சாமுராய்’ என்ற பெயரிலும், மீடியா நிறுவனத்தின் ‘லிட்டில் மாஸ்டர்’ என்ற பெயரிலும் பேமிகாம் குடும்பத்துக் கருவிகள் விற்பனையாயின.

தமிழ்நாட்டில் வெளிநாட்டு மின்னணுப் பொருள்களின் வாசல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார். பர்மாவில் 1962 இராணுவப் புரட்சிக்குப் பின் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக, தாயகம் திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960களின் இறுதியில் உருவான சந்தை அது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே பெட்டி சுமந்த ‘குருவி’களின் சரக்கு இங்கே இறங்கியது. உதிரிபாகங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருந்தது.

அச்சந்தைகளிலிருந்து தெற்கே போகும் பாதையில் இவ்விரு ஊர்களும் அமைந்துள்ளன. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் பிரியும் இடம் திண்டிவனம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசை ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு விழுப்புரம். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்தின் தலைநகர் ஆனதும் அதுவே. காலையில் சென்னைக்குப் போய்ச் சரக்கு எடுத்து இரவு திரும்பிவிடக் கூடிய தொலைவு கடைக்காரருக்குச் சாதகம்.

சிப்பின் விலை வகுத்த ரசனை

ஜப்பானில் வெளியான பேமிகாம் விளையாட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் நம் ஊர்களில் பரவலாகத் தெரிந்தவை சில டஜன் மட்டுமே. இந்தத் தேர்வைச் செய்தது நினைவகச் சிப்பின் விலை.

1984 முதல் 1986 வரை வந்த தொடக்ககால விளையாட்டுகள் மிகச் சிறியவை. 1985இல் நாம்கோ வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’ 24 கிலோபைட். இங்கே டேங்க் கேம் என்று ஊரறிந்தது இதுவே. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 40 கிலோபைட். ‘ரோட் ஃபைட்டர்’, ‘சர்க்கஸ் சார்லி’, ‘எக்சைட்பைக்’ எல்லாம் இதே எளிய வகை. கூடுதல் சிப் எதுவும் தேவைப்படாத இவற்றை ஒரே கேசட்டில் அடுக்குவது மலிவான வேலை. ‘9999999 இன் 1’ என்று லேபிளில் அச்சிட்ட கேசட்டுகள் இப்படிப் பிறந்தன. உள்ளே இருப்பவை சில விளையாட்டுகளே. பட்டியலில் ஒவ்வொரு வரியும் அதே மரியோவை வேறு உலகத்திலிருந்தோ, அதே டேங்க் கேமை வேறு கட்டத்திலிருந்தோ தொடங்கிவைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1987இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி’ போன்ற கதை விளையாட்டுகளுக்கு ஆட்டத்தைச் சேமிக்கக் கேசட்டுக்குள் பேட்டரி தேவை; கதையைத் தொடர ஜப்பானிய எழுத்து தெரியவேண்டும். மலிவுக் கேசட்டுக்கு இரண்டுமே ஒத்துவராததால் அவை இங்கே அரிதாயின. ஜப்பானியர் அத்தலைமுறையின் பெருங்கதைகளாகக் கருதுபவற்றை நம் பிள்ளைகள் தவறவிட்டார்கள். ஒரே மூச்சில் ஆடி முடிக்கும், இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் கைதேர்ந்தார்கள்.

இவ்வாய்வில் கான்ட்ராவுக்குத் தனி இடம் உண்டு. கொனாமி 1988இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் தொடக்கக் கதைக் காட்சியும், கட்டங்களுக்கு இடையே வரைபடமும், முதற்கட்டக் காட்டில் அசையும் இலைகளும் உண்டு. அதற்குக் கொனாமியின் சொந்தச் சிப் வேண்டும். அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. சந்தையில் கிடைக்கும் சாதாரண லாஜிக் சிப்களே அதற்குப் போதும். ஒரு பழைய கேசட்டைச் செருகி, காட்டில் இலைகள் அசைகின்றனவா என்று பார்த்தாலே அதன் மூலப்படி எங்கிருந்து வந்தது என்பது புலனாகும். பாடபேதம் கொண்டு சுவடியின் வழியைக் கண்டறியும் பதிப்பாசிரியர் முறை இங்கும் செல்லுபடியாகிறது.

மெதுவாக ஓடிய மரியோ

பேமிகாம் விளையாட்டுகள் திரையின் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டவை. நொடிக்கு 60 பிரேம் என்ற கணக்கில் எழுதிய விளையாட்டு, 50 பிரேம் தரும் பால் குளோனில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். ஜப்பானில் 50 நொடி ஒலித்த இசைப்பகுதி இங்கே ஒரு முழு நிமிடம் ஒலித்தது. ஆயினும் சுருதி ஏறத்தாழ மாறவில்லை. ஒலியை உண்டாக்கும் செயலியின் கடிகாரம் ஜப்பானியக் கருவியில் 1.79 மெகாஹெர்ட்ஸ், யு.எம்.சி. சிப்பில் 1.77. வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அதே சுருதியில் காலப்பிரமாணம் மட்டும் தாழ்ந்த மரியோ இசையே இத்தலைமுறையின் காதில் பதிந்தது. இன்று அக்கருவியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர் மென்பொருளில், மூல வேகத்தில் ஆடும்போது ‘கேம் ஓடுகிறது, பிடிக்க முடியவில்லை’ என்று நாற்பதைத் தொட்ட ஒருவர் சொன்னால், அவர் நினைவில் பிழையில்லை.

கேசட்டுக்குப் பின்

1997இல் ‘நெஸ்டிகிள்’ எமுலேட்டர் வந்தபின் இவ்விளையாட்டுகள் கணினிக்கு இடம்பெயர்ந்தன. மரியோ அளவுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் ஒரே பிளாப்பியில் அடங்கும். பிறகு சோனியின் பிளேஸ்டேஷன்கள் மணிக்கணக்கு வாடகைக் கடைகளைப் பிடித்தன. அங்கே ஆடிய மல்யுத்த விளையாட்டுகள் பலவற்றையும் எழுதியது ஒசாகாவின் யூக்ஸ் நிறுவனமே.

கேசட் கருவிக்கு எதிர்பாராத மறுவாழ்வு தரக்கூடிய ஒன்றைத் தமிழக அரசு செய்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலக் குழாய் டிவிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தன. பழைய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டில், விசையை அழுத்தியதும் திரை ஒரு பிரேம் கறுத்து, அடுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிரும். குழாய் டிவியின் அந்த ஒளித்துடிப்பைத்தான் துப்பாக்கியின் கண் அறியும். தட்டைத் திரை டிவியின் தாமதத்தால் அது எதையும் காணாது.

சேகரிப்போர் செய்யவேண்டியவை

உலகச் சேகரிப்புச் சந்தை பெட்டியோடு கூடிய ஜப்பானிய மூலத்துக்கே விலை தருகிறது. நம் மாவட்டத்துச் சேகரிப்பாளர் அந்த அளவுகோலை இரவல் வாங்கத் தேவையில்லை. குளோனைத் திறந்து பார்த்துக் காலத்தைக் கணிக்கலாம்: தனித்தனிச் செயலிகள் இருந்தால் முந்தைய தலைமுறை, போர்டின் நடுவே எல்லாமே ஒரு கறுப்பு எபாக்ஸிக் குமிழுக்குள் அடங்கியிருந்தால் பிந்தையது. அடாப்டரின் துருவம் கருவிக்குக் கருவி மாறும் என்பதால் மீட்டரில் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும். கேசட்டை வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தால் செம்பு முனைகளை அரிக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய ஊர், கடை, ஆண்டு, விலை, கொடுத்தவரின் நினைவு ஆகியவற்றைப் பொருளோடு சேர்த்து எழுதிவைக்கவேண்டும். அத்தகவல் இல்லாத கேசட் வெறும் பிளாஸ்டிக்.

முடிவுரை

உரிமம் பெறாத படிகளாக இவை ஜப்பானியக் கலைஞர்களுக்கு உரிய வருவாயைக் கொடுக்கவில்லை என்பதை மறைக்கக்கூடாது. அதே வேளையில், மின்சாரம், அலைவரிசை, சுங்கவரி ஆகிய மூன்றும் அடைத்த கதவைத் திறந்து அக்கலைஞர்களின் படைப்பை நம் கூடங்களுக்குக் கொண்டுவந்தவை இவை மட்டுமே. எதை ஆடினோம், எந்த வேகத்தில் ஆடினோம், எதை ஆடாமலே வளர்ந்தோம் என்பதையெல்லாம் இக்கருவிகளே தீர்மானித்தன. இலவச டிவிகளும் லிட்டில் மாஸ்டர்களும் எடைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விற்ற கடைக்காரர்களுக்கு வயதாகிறது. ஜப்பானிய மூலங்களைக் காக்க உலகெங்கும் ஆள் இருக்கிறார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்த பால் குளோன்களைக் காக்கும் பொறுப்பு இவ்வூர்க்காரர்களுடையது. அவற்றைப் பதிவுசெய்யும் வேலையை இப்போதே தொடங்கவேண்டும்.