தந்தை மட்டுமே உள்ள செடி

ஊமத்தையை விஷம் என்று ஒதுக்கி, சிவனுக்கு விட்டுவிட்டோம். அந்த இனத்துச் செடி ஒன்றின் பூவைத்தான் 1960-களின் தொடக்கத்தில் டெல்லி பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துறையை வளர்த்தவர் சதீஷின் தந்தை பஞ்சானன் மகேஸ்வரி. சோதனைக்குழாயிலேயே செடியைக் கருவுறச் செய்து பார்த்த இடம் அது.

ஒரு செல் தன் குரோமோசோம்களை எப்படிப் பாதியாக்கிக்கொள்கிறது என்பதே இவர்கள் கேள்வி. பிஞ்சு மகரந்தப்பைகளை எடுத்து, இளநீரெல்லாம் சேர்த்த ஊட்டக்கூழில் வைத்தார்கள். சில வாரங்களில் பையைப் பிளந்துகொண்டு கருக்கள் தலைகாட்டின. விதையில் இருக்க வேண்டிய கருவுக்கு இங்கே என்ன வேலை?

1964-இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. ஆனால் ஒரு வழக்கு பாக்கி இருந்தது: இது யார் பிள்ளை? பையின் சுவர் சாதாரண உடல் திசு. அதன் செல்லில் 24 குரோமோசோம்கள். உள்ளே இருக்கும் மகரந்தத்தூளில் 12தான். சுவரிலிருந்து வந்திருந்தால் பெரிய செய்தி இல்லை. கேரட் திசுவிலிருந்து அமெரிக்காவில் ஸ்டீவர்ட் என்பவர் 1958-லேயே கருக்களை வளர்த்துவிட்டார். 1966-இல் வந்த அடுத்த கட்டுரை வழக்கைத் தீர்த்தது. தூளுக்குள்ளேயே செல் பிரிந்து பிரிந்து கருவாவது நுண்ணோக்கியில் தெரிந்தது. ஆண் செல்லைச் சுமந்து போய்ச் சேர்த்துவிட்டு மடிய வேண்டிய துகள், தாயே இல்லாமல் முழுச் செடிக்கு அடி போட்டிருந்தது. பள்ளிப் புத்தகத்தில் திசு வகைகளைக் கட்டம் கட்டிப் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது.

பாதிக் குரோமோசோம் செடி விதை வைக்காது. கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் குரோமோசோம்கள் இரட்டிக்கும், இரண்டு தொகுதியும் அச்சு அசலாக ஒன்றே. ஆறேழு தலைமுறை தற்சேர்க்கை செய்து தேடும் தூய கால்வழி, ஒரே தாவலில் கையில். பயிர் ஆய்வாளர்கள் சும்மா இருப்பார்களா? பிரான்சில் புகையிலை, 1968-இல் ஜப்பானில் நெல், பிறகு சீனாவில் நெல்லும் கோதுமையும் என்று வேலை பரவியது. சிப்ரா பின்னாளில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

எல்லாப் பயிரும் ஊமத்தை போல இணங்குவதில்லை. பயறு வகைகள் இன்னும் முரண்டு பிடிக்கின்றன.