வறட்சி காத்த கோட்டை: ஜெய்சல்மேரின் நீர் வரலாறு

குளிர்காலத்தில் ஜெய்சல்மேருக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைந்த காட்சிகளையே காண்கின்றனர். மாலை வெயிலில் பொன்னிறம் கொள்ளும் மணற்கல் கோட்டை, பட்வா வணிகர் மாளிகைகளின் நுண்ணிய கற்சாளரங்கள், கட்சீசர் ஏரியின் நீர் நடுவே நிற்கும் மண்டபங்கள், மேற்கே சம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி. சத்யஜித் ராய் 1971இல் நாவலாக எழுதி 1974இல் திரைப்படமாக எடுத்த ‘சோனார் கெல்லா’ வெளிவந்த பின், பொற்கோட்டை என்ற பெயர் இந்நகரோடு ஒட்டிக்கொண்டது. இக்காட்சிகளுக்குப் பின்னுள்ள வரலாற்றை நீரின் வழியாகப் படிக்கும்போதுதான் அதன் சிக்கல் புலப்படும். எட்டு நூற்றாண்டுகள் நீர்ப்பற்றாக்குறையைத் தாங்கி நின்ற கோட்டை, அண்மைப் பத்தாண்டுகளில் நீரின் மிகுதியால் இடர்ப்பட்டு நிற்கிறது.

பாட்டி எனும் இராஜபுத்திரக் குலத்தைச் சேர்ந்த ராவல் ஜெய்சல், 1156இல் தம் தலைநகரை லோத்ரவாவிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திரிகூடக் குன்றுக்கு மாற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. லோத்ரவா சமவெளியில் இருந்தது. படையெடுப்புகளுக்கு எளிதில் இலக்காயிற்று. சுமார் 76 மீட்டர் உயரமுள்ள குன்று காவலுக்கு ஏற்றது. ஆனால் ஆண்டு மழை 20 சென்டிமீட்டரை எட்டாத நிலத்தில், குன்றின்மேல் ஊர் அமைப்பதற்கு மதில் மட்டும் போதாது. கண்ணன் தன் சக்கரத்தால் பாறையைப் பிளந்து ஊற்று உண்டாக்கினான் என்று கோட்டைக் கிணற்றைப் பற்றி வழங்கும் தொன்மம், ஊர் எழுப்பியவர்களின் முதற்கவலை எது என்பதைக் காட்டுகிறது.

இப்பகுதியின் மொழியே இதற்குச் சான்று. தார்ப் பாலைவன மக்கள் நீரை மூன்றாக வகுத்துப் பெயரிட்டனர் என்பதை அனுபம் மிஸ்ர 1995இல் வெளிவந்த ‘ராஜஸ்தான் கி ரஜத் பூந்தேன்’ என்ற இந்தி நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். மழையாய் விழுந்து நிலத்தின்மேல் ஓடியும் தேங்கியும் நிற்பது ‘பாலர் பாணி’. ஆழ்கிணற்றில் கிடைப்பது ‘பாதாள் பாணி’; அது பெரும்பாலும் உவர்ப்பானது. இவ்விரண்டுக்கும் இடையே, மணலுக்குள் இறங்கிய மழைநீர் ஜிப்சப் படிவு போன்ற நீர்புகா அடுக்கால் தடுக்கப்பட்டு, உவர்நீரோடு கலவாமல் ஈரமாகத் தங்குவது ‘ரேஜாணி பாணி’. ஒரு மனிதர் உட்கார்ந்து தோண்டும் அளவே அகலமுள்ள குறுங்கிணறுகளை இறக்கி, அந்த ஈரம் சொட்டுச் சொட்டாக ஊறிச் சேரக் காத்திருந்து எடுத்தனர். மூன்றாவதற்குத் தனிச்சொல் இருப்பதை மொழிவளம் என்று வியந்து கடந்துவிட முடியாது. மண்ணடுக்குகளைப் பற்றிய துல்லியமான அறிவு அச்சொல்லுக்குள் பொதிந்துள்ளது.

சுற்றுப்புற ஊர்களில் பாலிவால் அந்தணர்கள் ‘கடீன்’ என்னும் முறையைக் கையாண்டனர். பாறைச் சரிவுகளில் விழும் மழைநீரைத் தாழ்நிலத்தில் நீண்ட கரையெழுப்பித் தடுத்தனர். நீர் வடிந்தபின் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தனர். இன்று பேய் ஊராகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் குல்தரா, இவ்வேளாண் அறிவில் தழைத்த ஊர்களில் ஒன்று. திவான் சலீம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி ஒரே இரவில் 84 ஊரார் வெளியேறினர் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சாபக்கதையின் ஓசையில் கடீனின் வரலாறு மறைந்துபோவதுதான் வருத்தத்திற்குரியது.

நகருக்குள் அந்த இடத்தை வகித்தது கட்சீசர். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சீ பெயரால் அமைந்த இந்த மழைநீர் ஏரி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை நகரின் முதன்மைக் குடிநீர் ஆதாரமாக இருந்தது. பெண்கள் இங்கிருந்து தலையில் குடம் சுமந்து கோட்டை ஏறினர். அவ்வாறு சுமந்து வந்த நீர் வீட்டில் பலமுறை பயன்பட்டது. பாத்திரம் மணலால் துலக்கப்பட்டது. குளித்த நீர் மீண்டும் வேறு வேலைக்குச் சென்றது. ஆகவே கோட்டை வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீர் மிகக் குறைவு. மழைநீரை நான்கு திசைகளிலும் விரைந்து வெளியேற்ற ‘கூட் நாலி’ என்னும் வடிகால் அமைப்பு இருந்தது. எப்போதேனும் பெய்யும் மழைக்கென அமைந்த அவ்வடிகால்களுக்கு அன்றாடக் கழிவுநீரைச் சுமக்கும் தேவை எழவில்லை.

நீர் குறைந்த இந்நகரைச் செல்வச் செழிப்பாக்கியது வணிகம். சிந்துக்கும் அதற்கப்பாலும் செல்லும் ஒட்டகச் சாத்துகளின் வழியில் அமைந்ததால், சுங்கமும் வட்டித்தொழிலும் பெருகின. குமான் சந்த் பட்வா 1805இல் தொடங்கிய ஐந்து மாளிகைகளின் தொகுதி அச்செல்வத்தின் உச்சம். பின்னர் பம்பாய்த் துறைமுகம் எழுந்தது. கடல்வழி, பாலைவழியை மெலியச் செய்தது. 1947இல் எல்லை வகுக்கப்பட்டதும் மேற்குப் பாதை அடைபட்டது. பெருவழியில் இருந்த நகர் நாட்டின் ஓரமாயிற்று.

இவ்வறட்சி காத்துத் தந்த வேறொரு செல்வமும் உண்டு. கோட்டைக்குள் சமணக் கோயில்களை ஒட்டி அமைந்த ஞான பண்டாரத்தில் 11ஆம் நூற்றாண்டு முதலான ஓலைச்சுவடிகள் உள்ளன. ஈரமும் பூச்சியும் மிகுந்த தமிழ்நாட்டில் ஏடுகளைச் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை படியெடுத்தே காக்க வேண்டியிருந்தது. அங்கோ காய்ந்த காற்றே பாதிக் காவலாயிற்று. 1874இல் ஹெர்மன் யாக்கோபியுடன் அங்குச் சென்ற கேயார்க் பியூலர், பில்ஹணரின் ‘விக்கிரமாங்கதேவ சரித’த்தின் ஏட்டைக் கண்டெடுத்து மறு ஆண்டே பதிப்பித்தார். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனைப் பாடும் அக்காவியம், அதிராசேந்திரன் அரியணை ஏறியதையும் அவனுக்குப்பின் முதற்குலோத்துங்கன் சோழ அரசைக் கைக்கொண்டதையும் பேசுகிறது. சோழ வரலாற்றின் குழப்பமான ஓராண்டைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாளும் சான்று, தார்ப் பாலைவனத்தின் உலர்ந்த நிலவறையில் பிழைத்துக் கிடந்தது.

மாற்றம் கால்வாய் வடிவில் வந்தது. 1958இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், பின்னாளில் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்றது. 649 கிலோமீட்டர் நீண்டு, 1980களின் பிற்பகுதியில் அதன் நீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. இமயத்து ஆறுகளின் நீர் பாலைவனக் குழாய்களில் வந்தது. குடம் சுமந்த பெண்களுக்கு அது விடுதலை. அதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை. அதே காலத்தில் சுற்றுலாவும் பெருகியது. கோட்டை வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் நீர்க் கழிப்பறையும் வந்தன.

உள்ளே வந்த நீருக்கு வெளியேறும் வழி சரியாக அமையவில்லை. பழைய வடிகால்கள் பல இடங்களில் கட்டடங்களால் அடைபட்டன. புதிய குழாய்களும் கசிந்தன. மணற்கல்லுக்கு அடியிலுள்ள களிமண் கலந்த அடுக்குகள் நீரை உறிஞ்சி இளகின. மேலே நின்ற மதில்களின் பிடிமானம் தளர்ந்தது. 1990களிலும் அதன் பின்னரும் கொத்தளங்களும் மதிற்பகுதிகளும் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இலும் அதனையடுத்த பட்டியல்களிலும் இக்கோட்டையை இடருக்குள்ளான சின்னமாக அறிவித்தது. 2013இல் யுனெஸ்கோ, ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை உலக மரபுச்சின்னமாக ஏற்றபோது ஜெய்சல்மேரும் அவற்றுள் ஒன்று. அப்பெருமைக்குப் பின்னரும் 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் மதிலின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இந்நிலையில், கோட்டையைக் காக்க அதிலுள்ள மக்களை வெளியேற்ற வேண்டும் என்ற கருத்து அவ்வப்போது எழுகிறது. சில ஆயிரம் பேர் இன்றும் உள்ளே வாழ்கின்றனர். இந்தியாவில் மக்கள் தொடர்ந்து வாழும் பெருங்கோட்டைகள் மிகச் சில. கோயில் மணியும், பள்ளி செல்லும் குழந்தைகளும், வாசலில் கிடக்கும் மாடும் இல்லாமற்போனால், எஞ்சுவது நுழைவுச்சீட்டு பெற்றுக் காணும் கற்குவியலே. மேலும், எண்ணூறு ஆண்டுகள் மக்கள் வாழ்ந்தபோது சரியாத குன்று இப்போது சரிகிறது என்றால், குற்றம் குடியிருப்பதில் இல்லை. எவ்வளவு நீர் உள்ளே வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதில் உள்ளது. விடுதிகளை மதிலுக்கு வெளியே நகர்த்துவதும், வடிகால்களைச் செப்பனிடுவதும், குடியிருப்போரைக் கேட்டு முடிவெடுப்பதும் செலவு மிகுந்த பணிகள்தாம். ஆயினும் வெளியேற்றத்தைவிட நியாயமானவை.

ரேஜாணி பாணி என்னும் சொல்லை அறிந்த தலைமுறை அருகி வருகிறது. குழாயைத் திறக்கும் பிள்ளைக்கு நீரை மூன்றாக வகுக்க வேண்டிய தேவையில்லை. அத்தேவை நீங்கியது நன்மையே. ஆனால் தரைக்கடியில் நீர் எங்கே நிற்கும், எங்கே இறங்கும் என்ற அறிவும் அச்சொல்லோடு மறைகிறது. திரிகூடக் குன்றின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருக்கும் நீரைத் தடுக்க இன்று பொறியாளர்கள் தேடுவது ஏறக்குறைய அதே அறிவைத்தான்.